ரைட்டு

இன்னொரு முறை அந்த இரண்டையும் எடுத்துக் காட்டச் சொன்னால் கடைக்காரம்மா டார்லீன் என்ன நினைப்பாள் என்று அங்கயற்கண்ணிக்குக் கூச்சமாக இருந்தது. புடவைக் கடையென்றால் அலமாரியையே இறக்கிப் போடச் சொல்லிவிட்டு, பிடிக்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவள்தான். மதுரையில் அவள் குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் அந்தத் தைரியம் பிறவியிலேயே உண்டு. ஆனால் இது டெக்சஸில் ஒரு துப்பாக்கிக் கடை, தரையில் புது ரப்பர் வாசனை, துடைத்து வைத்த எண்ணெய் வாசனை, சுவரில் ஒரு மான்தலை. அவள் தோளில் தொங்கிய துணிப்பையிலிருந்து முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கதவுதான் இந்தியப் பலசரக்குக் கடை. கணவர் திருமாறனை அங்கே விட்டுவிட்டு இங்கே வந்திருந்தாள். அவர் உள்ளே வரமாட்டார். பயமில்லையாம், மான்தலையைப் பார்த்தால் சாப்பாடு இறங்காதாம். கண்ணாடி மேசைமேல் விரித்த விரிப்பில் இரண்டு கைத்துப்பாக்கிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. டார்லீன் அங்கேயே நின்று யாரிடமோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். நரைத்த தலை, கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி, அம்மா வயசு இருக்கலாம், இல்லை, அம்மாவைவிடக் குறைவு, அம்மா இருந்திருந்தால் என்று போன நினைப்பை அங்கயற்கண்ணி அந்த இடத்திலேயே நிறுத்தி, இரண்டு துப்பாக்கிகளையும் பார்த்தாள்.

ஒன்று ஆஸ்திரியா நாட்டுச் சரக்கு, பிளாஸ்டிக் உடம்பு, லேசு. இன்னொன்று செக் நாட்டுது, முழுக்க இரும்பு, கையில் வாங்கினால் அம்மிக்குழவி மாதிரி இறங்கும். லேசானதை உறையிலிருந்து சட்டென்று உருவலாம், ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் துள்ளும். கனமானது துள்ளாது, ஆனால் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு ஓடினால் தோள் விட்டுப்போகும். அவள் சேர்ந்திருந்த துப்பாக்கி கிளப்பில் பாதிப் பேர் முதல் துப்பாக்கிக்கு லேசானதுதான் என்றார்கள், மீதிப் பேர் கனமானதை எடுத்தால் பின்னால் மாற்ற வேண்டியிருக்காது என்றார்கள், எல்லோரும் அவரவர் வைத்திருப்பதையே சொன்னார்கள். மாப்பிள்ளை விசாரிக்கப் போனால் சொந்தக்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள். லேசு, கனம், லேசு, கனம். மில்லில் மாவு அரைபடுகிற சத்தம் மாதிரி அவள் மண்டைக்குள் எப்போதும் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், தூக்கத்திலும் ஓடும். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் தடவிய கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் ஓடும், ஊரில் தங்கச்சி என்ன நினைத்திருப்பாள், அடுப்பை அணைத்தேனா, அன்றைக்கு அம்மாவிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ. அது நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். கூட வேலை பார்க்கிறவள் சும்மா வேடிக்கை பார்க்க அழைத்துப்போன மைதானம். நின்ற இடத்தில் நின்று வட்டத்தைச் சுடுகிற விளையாட்டல்ல அது. காதருகே ஒரு பீப் சத்தம் கேட்கும், உடனே உருவி, ஓடி, மறைப்புப் பலகைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, அட்டை ஆள்களைச் சுட்டுக்கொண்டே போக வேண்டும். குறியும் கணக்கு, வேகமும் கணக்கு. முதல் தடவை அந்த பீப் கேட்டபோது மில் நின்றுபோனது. சுட்டு முடித்துத் துப்பாக்கியைக் காலி செய்து காட்டும்வரை உள்ளே ஒரு சத்தமில்லை. காருக்குள் வந்து உட்கார்ந்து அழுதாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை, இரண்டு வாரத்துக்கு முன்னால் அது நடக்கும்வரை.

அது நடந்ததை அவள் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டாள், எத்தனை தடவை பார்த்தாலும் அந்த ஒரு இடத்தில் படம் அறுந்துபோகிறது. கிளப்பின் துப்பாக்கி, கிளப்பின் உறை, வலது இடுப்பில். பீப். உருவினாள், இரண்டு அட்டை, ஓடினாள், பலகையின் இடது ஓரத்தில் எட்டிப் பார்க்க வேண்டும். அங்கேதான். துப்பாக்கி வலது கையில் இருந்தது, அடுத்த கணம் இடது கையில் இருந்தது. யார் மாற்றியது? அவள் மாற்றவில்லை. மாற்றுகிற வேகத்தில் முனை திரும்பி, பின்னால் நின்றிருந்த ராயின் வயிற்றைக் கடந்து போனது. ராய்தான் கிளப்பில் புதிய ஆள்களுக்குப் பொறுப்பு, தொப்பையும் தாடியுமாக எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிற மனுஷன். "ஸ்டாப்!" என்றார். அந்த ஒரு சொல். அவள் சிலையாக நின்றாள். அவர் திட்டியிருந்தால் தேவலை. "இன்னைக்கு இவ்வளவுதான், எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும்" என்று மெதுவாகச் சொல்லி, துப்பாக்கியை வாங்கிக் காலி செய்தார். காலி செய்த கையால் அவர் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள். அந்தத் தடவல்தான் இன்னும் மனசை விடவில்லை. விரல் விசைமேல் இருந்ததா வெளியே இருந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாது. வெளியே இருந்திருக்கும். இருந்திருக்க வேண்டும். கிளம்பும்போது ராய் சொன்னார், கடன் துப்பாக்கி வேண்டாம், உன் கைக்குப் பொருந்துகிற ஒன்றை வாங்கிக்கொண்டு வா, இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்த வருஷம் உன்னை நான் சேர்க்க முடியாது. நாளைக்கு ஞாயிறு. தன் கையைத் தானே நம்ப முடியாதவளுக்கு லேசு என்ன, கனம் என்ன. நாளைக்கும் அந்தக் கை அதுவாக எழுந்து போனால்? மைதானம் போய்விடும், மில் ஓடிக்கொண்டே இருக்கும், சாகிறவரைக்கும் ஓடும்.

"முடிவு பண்ணிட்டீங்களா?" என்று டார்லீன் இங்கிலீஷில் கேட்டாள். தொலைபேசியை வைத்துவிட்டாள் போலிருக்கிறது. "மன்னிச்சுக்கோங்க, இன்னொரு தடவை" என்றாள் அங்கயற்கண்ணி. டார்லீன் செக் நாட்டுத் துப்பாக்கியை எடுத்து, உள்ளே தோட்டா இல்லையென்று தானும் பார்த்து அவளுக்கும் காட்டி, பிடியை முன்னால் நீட்டினாள். அங்கயற்கண்ணி வலது கையால் வாங்கினாள். வேறெந்தக் கையால் வாங்குவது? பெரிய மனுஷி கொடுக்கிறாள். துப்பாக்கியாயிருந்தாலும் துன்னூறாயிருந்தாலும் சோத்தாங்கையால்தான் வாங்க வேண்டும், முடிந்தால் இன்னொரு கையை முழங்கையில் தொட்டுக்கொண்டு. சொல்லப்போனால் அவள் தொட்டும்கொண்டாள், டார்லீனுக்கு அது என்ன புரிந்ததோ. கடையின் கோடிச் சுவரில் ஒட்டியிருந்த கறுப்புப் புள்ளியை நோக்கி நீட்டினாள். புள்ளி இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணை மூடினாள், ஒன்றானது, ஆனால் ஆடியது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள், கழுத்து வலித்தது. அங்கயற்கண்ணி என்று மீனாட்சியின் பெயரை வைத்து, மீனைப் போலக் கண் என்று பெருமைப்பட்டுக்கொண்டார்கள், அந்தக் கண்ணுக்கு ஒரு புள்ளியைப் பிடிக்கத் துப்பில்லை. லேசானதை வாங்கிப் பார்த்தாள். அதுவும் ஆடியது. இரண்டுமே வேறு யாருக்கோ தைத்த ரவிக்கை மாதிரி எங்கோ பிடித்தன, எங்கோ தொங்கின. டார்லீன் பொறுமையாக நின்றாள். அமெரிக்காக்காரர்களுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்துதான் வருமோ, ஊர்க் கடையாயிருந்தால் இந்நேரம் அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிருப்பான்.

கிள்ளு. மேல்கையின் உட்பக்கம், சதை மெத்தென்று இருக்கிற இடத்தில், அம்மா இரண்டு நகத்தால் பிடித்துத் திருகுவாள். கோயிலில் குங்குமம் வாங்க நீளக் கூடாத கை நீண்டால் அந்தக் கையில். கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணத்துக்கு நீளும்போது. பந்தியில் அப்பளத்துக்கு நீளும்போது. "நொட்டாங்கைய நீட்டுறா பாரு, போற வீட்டுல என்னைய என்னன்னு பேசுவாய்ங்க" என்று காதோரம் ஒரு சீறல் வேறு. சாப்பிட உட்கார்ந்தால் பாவாடை நாடாவால் அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள். கட்டுப்பட்ட கை கொஞ்ச நாளில் அடங்கியது. அடங்கியது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். வாங்குவது, கொடுப்பது, உண்பது, எழுதுவது, இந்த நாலுக்கும்தானே காவல். காவல் இல்லாத இடத்திலெல்லாம் அந்தக் கை தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டது. சாவி திருகும், தலை சீவும், திருப்புளி பிடிக்கும், கொசு அடிக்கும். கல்லூரி ஆய்வகத்தில் ஒற்றைக்கண் மைக்ராஸ்கோப்பில் எல்லோரும் வலது கண்ணை வைத்துப் பார்க்க, அவள் மூக்கை இடித்துக்கொண்டு இடது கண்ணை வைப்பாள். அதைக் கண்டுபிடிக்க அம்மா அங்கே இல்லை. கட்டிலிலிருந்து உருண்ட தங்கச்சியின் கைக்குழந்தையைத் தரையைத் தொடுமுன் பிடித்ததும் அந்தக் கைதான், அவள் வலது கையில் காப்பி டம்ளர் ஒரு சொட்டுச் சிந்தாமல் இருந்தது. கிளப்பில் சேர்ந்த அன்றைக்கு ராய் உறை எடுத்துக் கொடுக்கும்போது, "லெஃப்ட் ஹேண்டடா?" என்று கேட்டார். எதேச்சையாக, பேர் என்ன என்று கேட்கிற மாதிரி. வாழ்க்கையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் வாயில் வந்தது, "ரைட்டு." மதுரையில் பிறந்த எந்த உயிரும் சொல்வதுதான். ஆமாம் என்றால் ரைட்டு, சரி என்றால் ரைட்டு, வண்டியை எடுக்கலாம் என்றால் ரைட்டு. ராய் தலையாட்டிவிட்டு வலது கை உறையை எடுத்து நீட்டினார். அவள் அதை வலது கையால் வாங்கிக்கொண்டாள். பெரிய மனுஷர் எடுத்துக் கொடுத்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது. ஆமாம் என்றுதானே சொன்னேன் என்று அன்றிரவு நினைத்தாள். நினைத்துவிட்டு, எதற்கு வம்பு, இதுவும் பழகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

கைபேசி அதிர்ந்தது. துப்பாக்கியை விரிப்பில் வைத்துவிட்டு எடுத்தாள். "என்ன, முடிஞ்சிச்சா? இங்க கருவேப்பில வாடிப்போயி கெடக்கு, எடுக்கவா வேணாமா?" என்றார் திருமாறன். எடுங்க என்றாள், இன்னும் முடிவு பண்ணலை என்றாள். "ரெண்டுல ஒண்ண எடுக்க இம்புட்டு நேரமா? என்னையப் பாத்துட்டு டக்குனு தலையாட்டுனியே." "அன்னைக்கு வேற யாரையும் காட்டலைல்ல." அவர் சிரித்தார். பின்னால் யாரோ தெலுங்கில் வெண்டைக்காய் விலை கேட்டார்கள். "எதுவும் கையில சரியா உக்கார மாட்டேங்குதுங்க" என்றாள். "எந்தக் கையில?" என்றார் அவர். எந்தக் கையில என்றால்? "இல்ல, பால் பொங்கி வந்தா ஒனக்கு எந்தக் கை போகுது? நொட்டாங்கைதான போகுது. கோவத்துல கரண்டிய எடுத்தாலும் அந்தக் கைதான், எனக்குத் தெரியாதா, வாங்கினவன் நானு. துப்பாக்கிய மட்டும் எதுக்கு நல்ல கையில புடிக்கிற?" அவர் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். சொன்ன கையோடு, "முருங்கக்கா ஒன் பையிலதான இருக்கு, நான் மறுபடி எடுத்துறப்போறேன்" என்று வைத்தும்விட்டார். அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். நல்ல கை. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அவளும் அப்படித்தான் சொல்வாள். அப்படியானால் இன்னொன்று?

அங்கே போகாதே என்று சொல்லச் சொல்ல மனசு அங்கேதான் போனது. சிம்மக்கல் வீடு, மாசி மாசம், அம்மா கட்டிலில். பக்கவாதம் வலது பக்கத்தை எடுத்துக்கொண்டது. லீவு போட்டுவிட்டுப் போயிருந்த அங்கயற்கண்ணி இட்லியைப் பிட்டு ஊட்டிவிடுவாள். ஒரு நாள் டாக்டர், அவங்களையே சாப்பிட விடுங்க, இருக்கிற கையைப் பழக்குங்க என்றார். இட்லித் துண்டை அம்மாவின் இடது கையில் வைத்தாள். அம்மா பதறிப்போய்க் கையைக் கவிழ்த்துக் கொட்டினாள். "இந்தக் கையிலயாடி" என்றாள், கோணிப்போன வாயால் குழறிக்கொண்டு. சோற்றைத் தொடமாட்டேன் என்று இரண்டு வேளை பட்டினி. அப்புறம் பசி தாங்காமல் எடுத்தாள். கை வாய்க்குப் போகாமல் கன்னத்தில் போய் இடித்தது, சாம்பார் மோவாயில் வழிந்தது. மறுபடி எடுத்தாள், மூக்கில் பட்டது. "எங்க போகுதுன்னே தெரியலடி" என்றாள். தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டாள், "ஒனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா?" இதுதான். இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் மில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆமாம்மா என்று சொல்லியிருக்கலாம். ஆமாம்மா, இப்படித்தான் இருந்துச்சு, நாலு வயசில எனக்கும் சோறு கன்னத்துலதான் போச்சு என்று சொல்லியிருந்தால் அம்மாவும் பெண்ணும் சேர்ந்து அழுதிருக்கலாம், சிரித்துக்கூட இருக்கலாம். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நா சின்னப்புள்ளதான, பழகிருச்சு" என்றாள். அம்மா நம்பவில்லை. கவிழ்த்துக் கிடந்த அந்த இடது கையால் இவளுடைய இடது கையைத் தேடினாள். அது அம்மாவின் முகத்தைத் துடைக்கிற துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது, யாரும் காவல் இல்லாத வேலையில். அம்மா அதைத் தடவிக் கொடுத்தாள், கிள்ளுகிற இடத்தில். பங்குனியில் போய்விட்டாள். எங்க போகுதுன்னே தெரியல. பலகைக்குப் பக்கத்தில், ராயின் வயிற்றுக்கு நேரே, கையில் துப்பாக்கியோடு நின்றபோது அவளும் அதைத்தானே நினைத்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் டார்லீன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தாள். "நீங்க குறி பாக்கும்போது வலது கண்ணை மூடுறீங்க. லெஃப்ட் ஹேண்டடா?" அதே கேள்வி, அதே எதேச்சை. அங்கயற்கண்ணியின் வாய் அவளைக் கேட்காமல் திறந்தது. "ரைட்டு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. "ஓ, ரைட்டா" என்று டார்லீன் கனமானதை எடுத்து, மறுபடி காலி பார்த்து, காட்டி, அவளுடைய வலது பக்கமாக நீட்டினாள். வலது கை எழுந்தது, எழத்தானே செய்யும், இத்தனை வருஷப் பழக்கம். பாதி வழியில் அங்கயற்கண்ணி அதைத் திருப்பி, தோளில் நழுவிய முருங்கைக்காய்ப் பையைப் பிடிக்க அனுப்பினாள். இடது கையை நீட்டினாள். வெறுங்கையாக, உள்ளங்கை மேலே பார்க்க, வயசில் மூத்த ஒரு மனுஷியின் முன்னால். காது சூடாகிவிட்டது. "இந்தக் கை" என்றாள் தமிழில். டார்லீனுக்குத் தமிழ் எங்கே தெரியும், ஆனால் நீண்ட கை எதுவென்று தெரிந்தது. பிடியைத் திருப்பி அதில் வைத்தாள். பாதுகாப்புப் பொத்தான் இந்தத் துப்பாக்கிக்கு இரண்டு பக்கமும் உண்டு, மற்றப் பொத்தானையும் இந்தக் கைக்கு மாற்றித் தருகிறேன் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கனமாகத்தான் இருந்தது. கனம் முழங்கை வழியாக இறங்கித் தோளில் உட்கார்ந்து, அங்கேயே இருந்தது. விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்தாள், இந்த முறை அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கோடிச் சுவரில் புள்ளி ஒன்றே ஒன்றாக நின்றது. பீப் எதுவும் அடிக்கவில்லை, ஆனாலும் உள்ளே சத்தமில்லை. மேல்கையின் உட்பக்கத்துச் சதை மட்டும் இறுகிக்கொண்டு காத்திருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். யாரும் கிள்ளவில்லை. கிள்ளினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். புள்ளி கலங்கிக்கொண்டு வந்தது, சுவரே கலங்கியது. கை அப்படியே நின்றது.